அரை சதவீதத் தங்கம்

போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு, கைலாசநாதர் கோயிலுக்குப் போகிற பக்கம். உள்ளே நுழைந்தால் கூடம் முழுக்கத் தறிதான். தறி போக மிச்சம் இருக்கிற இடத்தில் சாப்பாடு, தூக்கம், படிப்பு எல்லாம். அப்பா தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். அண்ணன் மகள் பக்கத்தில் தரையில் கணக்கு நோட்டைப் பரப்பி வைத்திருந்தாள். ஏழாம் வகுப்பு. பாதிக் கணக்கை அழித்து அழித்து, ஒரு இடத்தில் தாளே கிழிந்து போயிருந்தது.

"அத்தை, இந்த ஒண்ணை மட்டும் பாருங்க. எனக்கு ஒரு விடை வருது, என் ஃப்ரெண்டுக்கு ஒரு விடை வருது, கைடுல வேற போட்டிருக்கு."

கணக்கு இதுதான். ஒரு வகுப்பில் 48 மாணவர்கள். அவர்களில் 31 பேர் பேருந்தில் வருகிறார்கள். அது எத்தனை சதவீதம்? ஒரு தசம இடத்திருத்தமாக எழுதுக.

அவள் எழுதியிருந்தது: 31 ÷ 48 = 0.6. அதை நூறால் பெருக்கி 60 சதவீதம். அதற்கு முன்னால் 70 என்று எழுதி அழித்திருந்தாள். தோழிக்கு 65. கைடில் 64.6. ஒரே கணக்கு, நாலு விடை. குழந்தைக்கு அழுகை வராத குறை.

நான் அவளைத் திட்டவில்லை. அவள் வகுத்ததில் தப்பே கிடையாது. 310-க்கு ஆறு முறை 48, மீதி 22. 220-க்கு நாலு முறை, மீதி 28. 280-க்கு ஐந்து முறை, மீதி 40. 400-க்கு எட்டு முறை, மீதி 16. 160-க்கு மூன்று முறை, மறுபடியும் மீதி 16. அதற்கப்புறம் மூன்று மூன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். 0.645833... எல்லாம் சுத்தமாகப் போட்டிருந்தாள். "ஒரு தசம இடத்திருத்தமாக" என்ற வார்த்தையைப் பார்த்ததும், கையில் இருந்த எண்ணை அங்கேயே வெட்டிவிட்டாள். 0.645833 என்பது 0.6 ஆனது. அதைச் சதவீதமாக்கினால் 60 வராமல் என்ன வரும்?

அந்த அழித்த 70 எப்படி வந்தது என்று கேட்டேன். அதுவும் பாவம், ஒழுங்காக விதிப்படிதான் போயிருக்கிறாள். முதலில் மூன்று இடத்துக்கு 0.646. அப்புறம் இரண்டு இடத்துக்கு 0.65. அப்புறம் ஒரு இடத்துக்கு, ஐந்து வந்தால் மேலே ஏற்று என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்களே, 0.7. படிப்படியாக ஏறி 70 சதவீதத்தில் போய் நின்றிருக்கிறாள். தோழி இரண்டாவது படியிலேயே நின்றுவிட்டதால் 65.

"சரி, உன் விடையை வச்சுத் திருப்பிப் போடு. 48 பேர்ல 60 சதவீதம் எவ்வளவு?" என்றேன். போட்டாள். 28.8. "அப்ப 31 பேர் எங்க?" என்றேன். கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு பேர் காணோம் அத்தை" என்றாள். 70 சதவீதத்துக்குப் போட்டால் 33.6 வருகிறது, இல்லாத ஆட்கள் வந்து ஏறிக்கொள்கிறார்கள். 64.6-க்குப் போட்டால் 31.008. இதுதான் பொருந்துகிறது.

நான் அவளுக்குச் சொன்னது ஒரே விஷயம். முழுதாக்குவது கடைசி வேலை. சதவீதமாக்க நூறால் பெருக்கும்போது புள்ளி இரண்டு இடம் வலது பக்கம் நகர்கிறது. 0.645833 என்பது 64.5833 ஆகிறது. கேள்வி கேட்பது அந்தச் சதவீதத்தில் ஒரு தசம இடம். ஆகவே இங்கே வந்து, 5-க்கு அடுத்து 8 இருப்பதைப் பார்த்து, 64.6 என்று எழுத வேண்டும். முதலிலேயே வெட்டுவதாக இருந்தால்கூட, நகரப் போகிற இரண்டு இடம், கேட்கிற ஒரு இடம், மேலேயா கீழேயா என்று பார்க்க இன்னொரு இடம், ஆக நாலு இடமாவது கையில் இருக்க வேண்டும். 0.6458. அதற்குக் குறைந்து வைத்துக்கொண்டு சதவீதத்துக்குப் போகவே கூடாது.

சமச்சீர் ஏழாம் வகுப்பு மூன்றாம் பருவப் புத்தகத்தில் தசம எண்களை முழுதாக்குவதும் வருகிறது, அதற்கு அடுத்தே சதவீதமும் தனிவட்டியும் வருகிறது. இரண்டையும் தனித்தனியாகப் பிள்ளைகள் நன்றாகத்தான் போடுகிறார்கள். இரண்டும் ஒரே கணக்கில் சேர்ந்து வரும்போது எதை முதலில் செய்வது என்பதில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

இதையெல்லாம் அப்பா தறியில் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். நாடாவை நிறுத்திவிட்டு, "சரிகைக் கணக்கைப் போடச் சொல்லும்மா. அதுல புரிஞ்சுடும்" என்றார். எனக்கு இது தோன்றவே இல்லை. நாள் முழுக்க அவர் கையில் இருப்பதே சரிகைதான்.

எங்கள் ஊரில் தமிழ்நாடு சரிகை நிறுவனம் என்று அரசு நிறுவனம் ஒன்று இருக்கிறது. கூட்டுறவுச் சங்கங்களுக்குச் சரிகை செய்து கொடுப்பதற்காக 1971-இல் தொடங்கியது. அசல் சரிகையில் எது எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு அங்கே ஒரு கணக்கு உண்டு. வெள்ளி 40 சதவீதம், செம்பு 35.5 சதவீதம், பட்டு 24 சதவீதம், தங்கம் 0.5 சதவீதம். நடுவில் சிவப்புப் பட்டு நூல், அதன்மேல் சுற்றிய தட்டைக் கம்பி, அதற்கும் மேலே தங்கப் பூச்சு. முகூர்த்தப் புடவையில் கண்ணைப் பறிக்கிற அந்தப் பொன்னிறம் முழுவதும் இந்த அரை சதவீதத்தில்தான் இருக்கிறது.

சரிகையை மார்க்குக் கணக்கில்தான் வாங்குவார்கள். ஒரு மார்க்கு 242 கிராம். "அதுல தங்கம் எவ்வளவு?" என்றார் அப்பா.

குழந்தை முதலில் 0.5-ஐ அப்படியே 242-ஆல் பெருக்கினாள். 121. அப்பா சிரிக்கவில்லை. "121 கிராமா? பதினஞ்சு சவரன் தங்கம் ஒரு மார்க்குல இருந்தா தாத்தா ஏம்மா இங்க உக்காந்திருக்கேன்?" என்று கேட்டார். அவள் அழித்தாள். சதவீதத்தைத் தசமமாக்கப் புள்ளி இரண்டு இடம் இடது பக்கம் போக வேண்டும் என்று நினைவு வந்து 0.005 என்று எழுதினாள். நான் எதிர்பார்த்த இடம் இதுதான். அடுத்த வரியில் பழக்க தோஷத்தில், இரண்டு தசம இடத்துக்கு முழுதாக்கி 0.01 என்று போட்டாள். 242 × 0.01 = 2.42 கிராம்.

உண்மையான விடை 1.21 கிராம். இரண்டு இடத்துக்கு முழுதாக்கிய அந்த ஒரு நொடியில் தங்கம் இரட்டிப்பாகிவிட்டது. மேலே ஏற்றாமல் வெறுமனே வெட்டியிருந்தால் 0.00. சரிகையில் தங்கமே இல்லை. இரண்டு விடையும் ஒரே எண்ணிலிருந்துதான் வருகின்றன. "ஒண்ணேகால் கிராமுக்குக் கொஞ்சம் கம்மி" என்று அப்பா முன்பே வாயால் சொல்லிவிட்டார். அவர் நோட்டில் எழுதிப் பார்க்கவில்லை. நூற்றுக்கு ஒன்று என்றால் 2.42, அதில் பாதி. அவ்வளவுதான்.

இன்னொன்றும் போடச் சொன்னேன். நாலு சதவீதத்தையும் முழு எண்ணாக முழுதாக்கிக் கூட்டு. 40, 36, 24, 1. கூட்டினால் 101. அவளுக்குத் திகைப்பு. நூற்றுக்கு நூற்றியொன்று எப்படி வரும்? 35.5-உம் 0.5-உம் இரண்டுமே சரியாகப் பாதியில் நிற்கின்றன. இரண்டையும் மேலே ஏற்றினால் ஒன்று அதிகமாகத்தான் வரும். செய்தித்தாளில் சதவீதப் பட்டியல்கள் சில சமயம் 99 என்றோ 101 என்றோ கூட்டினால் வருவதற்கும் காரணம் இதுதான். யாரும் பொய் சொல்லவில்லை.

பாதியில் நிற்கும் எண்ணை எப்போதும் மேலேதான் ஏற்ற வேண்டும் என்று உலகம் முழுக்க ஒரே விதி கிடையாது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருக்கிற இரட்டை எண்ணுக்குப் போ என்று இன்னொரு விதி இருக்கிறது. பைத்தான் என்ற கணினி மொழியில் 2.5-ஐ முழுதாக்கச் சொன்னால் 2 என்றுதான் சொல்லும். நம் சரிகைக்கு இந்த விதியைப் போட்டால் 35.5 என்பது 36, 0.5 என்பது 0. கூட்டினால் சரியாக 100. ஆனால் தங்கம் போய்விட்டது! இதை அப்பாவிடம் சொன்னதும், "அப்ப கூட்டுத்தொகை சரியா வந்தா கணக்கு சரின்னு சொல்ல முடியாது" என்றார். முப்பது வருஷம் படித்தும் படிப்பித்தும் நான் இவ்வளவு சுருக்கமாக இதைச் சொன்னதில்லை.

நம் பழைய கணக்கில் இந்தத் தொல்லை குறைவு என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி மனப்பாடம் செய்தவர்கள் கீழ்வாயிலக்கம் என்று பின்னங்களைப் பெயர் சொல்லிப் படித்தார்கள். முந்திரி என்றால் 320-இல் ஒன்று. காணி என்றால் 80-இல் ஒன்று. அரைமா 40-இல் ஒன்று, மா 20-இல் ஒன்று, வீசம் 16-இல் ஒன்று. இவற்றைச் சதவீதமாக்கிப் பாருங்கள். காணி 1.25 சதவீதம். அரைமா 2.5 சதவீதம். மா 5 சதவீதம். வீசம் 6.25 சதவீதம். எதையும் வெட்டவோ ஏற்றவோ தேவையில்லை, பெயரே அளவாக நிற்கிறது.

பட்டுப் புடவைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். பில்லில் மத்திய வரி 2.5, மாநில வரி 2.5 என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். அதாவது மொத்தம் ஒரு மா. தில்லிக்கு அரைமா, சென்னைக்கு அரைமா. இதைச் சொன்னதும் அண்ணன் மகள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் மறக்க மாட்டேன். 2.5 சதவீதம் என்றால் 0.025 என்று ஆயிரம் தடவை எழுதியதை விட, நாற்பதில் ஒரு பங்கு என்பது அவளுக்கு உடனே பிடிபட்டது.

புடவை விலை 12,850 ரூபாய் என்று வைத்துப் போட்டோம். 2.5 சதவீதம் 321.25. ஜிஎஸ்டி சட்டத்தின் 170-ஆவது பிரிவு, வரியை முழு ரூபாய்க்கு முழுதாக்க வேண்டும், 50 பைசாவும் அதற்கு மேலும் இருந்தால் ஒரு ரூபாயாக ஏற்ற வேண்டும், குறைந்தால் விட்டுவிட வேண்டும் என்கிறது. அரைமாவைத் தனித்தனியாக முழுதாக்கினால் 321-உம் 321-உம் 642. ஒரு மாவாகச் சேர்த்துப் போட்டால் 642.50, முழுதாக்கினால் 643. எங்கே முழுதாக்குகிறோம் என்பதற்கு ஒரு ரூபாய் வித்தியாசம்.

இதைவிடப் பெரிய பாடம் நாடு முழுக்க ஒரே நாளில் நடந்திருக்கிறது. 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி. அதுவரைக்கும் ரூபாய்க்குப் பதினாறு அணா. அன்று முதல் ரூபாய்க்கு நூறு நயா பைசா. ஓர் அணா என்பது சரியாக 6.25 நயா பைசா. கால் பைசாவுக்கு நாணயம் ஏது? அரசு ஒரு மாற்றுப் பட்டியல் போட்டது. ஓர் அணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25. இரண்டணா 12.5 ஆயிற்றே, பள்ளிக்கூட விதிப்படி 13 வர வேண்டுமே என்று கேட்கலாம். பட்டியலில் 12-தான். பாதியைக் கீழே இறக்கினார்கள். இந்த நாட்டின் சில்லறை அந்த விதியில்தான் மாறியது.

அந்தப் பட்டியலையும் அவளை விட்டே சோதிக்கச் சொன்னேன். அணாவுக்கு ஒரு கட்டுக் கீரை. நாலு நாள் தனித்தனியாக வாங்கினால் நாலாறு 24 நயா பைசா. ஒரே நாளில் நாலு கட்டு வாங்கினால் 25. ஒவ்வொரு அடியிலும் முழுதாக்கினால் ஒரு விடை, கடைசியில் ஒரு தடவை முழுதாக்கினால் வேறு விடை. பேருந்துக் கணக்கில் நடந்ததேதான்.

இந்த விஷயத்தில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு வீட்டுக்குள்ளேயே ஒரு காரணம் உண்டு. நான் எட்டாவது படிக்கும்போது அப்பா வெளியே ஓரிடத்தில் பட்டும் சரிகையும் வாங்கி வந்து நெய்து கொடுத்துக்கொண்டிருந்தார். கொடுக்கிற பட்டுக்கு எடை எழுதுவார்கள். திருப்பிக் கொடுக்கிற புடவைக்கும் எடை எழுதுவார்கள். குறைந்தால் கூலியில் பிடிப்பார்கள். சிட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்தால் கூட்டிப் பார்ப்பது என் வேலை. ஒரு தடவை, கொடுத்த பட்டு 612 கிராம் இருந்தது, சிட்டையில் 620. நெய்து எடுத்துப் போன புடவை 748 கிராம், சிட்டையில் 740. கேட்டதற்கு "ரவுண்டா எழுதியிருக்கோம்" என்றார்கள்.

பத்துக்கு முழுதாக்குவது என்றால் 612 என்பது 610. 748 என்பது 750. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த விதி. அவர்கள் எழுதியதில் இரண்டு பக்கமும் எட்டெட்டு கிராம், மொத்தம் பதினாறு கிராம் அப்பா தலையில் விழுந்தது. மற்ற மாதச் சிட்டைகளை எடுத்துப் பார்த்தேன். ஐந்து கிராம், ஆறு கிராம், பத்து கிராம். ஒரு தடவைகூட எங்கள் பக்கம் சாயவில்லை. உண்மையாக முழுதாக்கினால் சில தடவை மேலே போகும், சில தடவை கீழே போகும், நாளடைவில் ஒன்றை ஒன்று சரிக்கட்டும். எப்போதும் ஒரே பக்கம் போனால் அதற்குப் பெயர் முழுதாக்குவது கிடையாது. அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போய் அந்தச் சிட்டைகளைக் காட்டினார். அடுத்த மாதத்திலிருந்து கிராம் கணக்கிலேயே எழுதினார்கள். பழைய பிடித்தம் திரும்ப வரவில்லை.

இதே சங்கதி கனடாவில் வான்கூவர் பங்குச் சந்தையில் நடந்தது. 1982 ஜனவரியில் ஒரு குறியீட்டை 1,000 புள்ளியில் தொடங்கினார்கள். ஒவ்வொரு வியாபாரம் நடந்ததும் கணினி அதைப் புதிதாகக் கணக்கிடும். மூன்று தசம இடத்துக்கு மேல் இருப்பதை முழுதாக்காமல் வெட்டிவிடும். ஒரு வெட்டுக்கு ஒரு புள்ளியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடப் போகாது. ஆனால் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை, எப்போதும் கீழ்ப்பக்கமே. 1983 நவம்பரில் குறியீடு 524-க்கு வந்து நின்றது. தப்பைக் கண்டுபிடித்துச் சரிசெய்ததும் 1,098. சந்தை ஏறியிருக்கிறது, வெட்டின வெட்டில் பாதி காணாமல் போயிருக்கிறது. இதைப் படித்தபோது எனக்கு அந்தச் சிட்டைதான் ஞாபகம் வந்தது.

ஜெர்மனியில் 1992-இல் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத் தேர்தலில் பசுமைக் கட்சிக்கு 4.97 சதவீத வாக்கு. 5 சதவீதம் இருந்தால்தான் சட்டமன்றத்தில் இடம். ஒரு தசம இடத்துக்கு முழுதாக்கி அச்சிட்ட தாளில் 5.0 என்று வந்துவிட்டது. இடம் கிடைத்ததாக அறிவித்த பிறகுதான் தப்பு தெரிந்து மாற்றினார்கள்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது எட்டாத தூரத்துச் செய்தி என்று நினைக்க வேண்டாம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் சட்டமாக வந்தது. தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்த எண் அது. 1,000 இடத்தில் அது எத்தனை இடம் என்று கேட்டுப் பாருங்கள். 75 என்று சொல்கிற பிள்ளைகளும் உண்டு, 750 என்று எழுதுகிற பிள்ளைகளும் உண்டு. 7.5 சதவீதத்தை 0.75 என்று எழுதிவிட்டால் 750-தான் வரும். பொறியியல் கலந்தாய்வுக்குக் கட்-ஆஃப் போடும்போதும் புள்ளிக்குப் பின்னால் இருக்கிற எண்தான் யார் முன்னால், யார் பின்னால் என்று தீர்மானிக்கிறது. தன் உரிமை எத்தனை என்று தானே போட்டுப் பார்க்கத் தெரியாத பிள்ளை, அடுத்தவர் சொல்வதைத்தான் நம்ப வேண்டியிருக்கும்.

அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் அவள் எல்லாக் கணக்கையும் புதுத் தாளில் மறுபடி போட்டாள். ஒவ்வொன்றிலும் வகுத்து வந்த எண்ணை நாலு இடம் எழுதி, நூறால் பெருக்கி, கடைசி வரியில் மட்டும் முழுதாக்கி, அடியில் கோடு போட்டாள். அதற்கும் கீழே அவளாகவே ஒரு வரி சேர்த்திருந்தாள்: 48-இல் 64.6 சதவீதம், 31.008. சரி பார்த்துக்கொண்டாளாம்.

பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். விடை 64.6-க்குப் பதில் 65 என்று வந்திருந்தால் சிவப்பு மையால் அடிப்பதோடு விடாதீர்கள், எந்த வரியில் வெட்டினாள் என்று பாருங்கள். வகுத்தலுக்கும் புள்ளியை நகர்த்தியதற்கும் உரிய மதிப்பெண்ணைக் கொடுத்து, வெட்டிய வரியை மட்டும் வட்டமிட்டுக் காட்டுங்கள். பெற்றோர்களே, கணக்கு எனக்கு வராது என்று ஒதுங்காதீர்கள். "நூத்துக்கு ஒன்றரை வட்டி" என்று வாயால் கணக்குப் போடுகிற நீங்கள் சதவீதத்தில்தான் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். இன்றைக்குச் சாயங்காலம் பிள்ளையின் நோட்டை வாங்கிப் பாருங்கள். முதல் வரியிலேயே 0.65 என்று இருந்தால், அதை 0.6458 என்று எழுதி மறுபடி போடச் சொல்லுங்கள்.